நோயுற்ற கோழிக்குக் கடைசி முறை

கால்நடை மருந்தகப் பணியில் என்னை அதிகம் தவிக்கவிட்டவை கோழிகள்தான். மாட்டுக்கு உடம்பு சரியில்லையென்றால் தீனியைத் தொடாமல் நிற்கும். வீட்டார் உடனே அறிவார்கள். கோழியோ தன் நலிவை மறைக்கும். மற்றவற்றோடு சேர்ந்து தட்டருகே வரும், கொத்துவதுபோல் குனியும், ஆனால் விழுங்காது. இறக்கை தொங்கி, கண் சொருகிய பிறகுதான் பெரும்பாலும் எங்களிடம் வந்து சேர்கிறது.

“நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, ஐயா” என்பார்கள். நான் முதலில் நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பேன். இருபுறமும் சதை வற்றி, எலும்பு கத்தி விளிம்புபோல் விரலில் தட்டுப்பட்டால் நோய் நேற்று வந்ததல்ல. அடுத்து தீனிப்பை. விடியற்காலையில் அது காலியாக இருக்க வேண்டும். முந்தைய நாள் தின்றது அப்படியே தங்கியிருந்தால் செரிமானப் பாதையில் எங்கோ கோளாறு. பிறகு எச்சம். பாதி நோய்களை எச்சமே காட்டிக்கொடுத்துவிடும்.

சில வாரக் குஞ்சுகள் சிலிர்த்துக்கொண்டு நிற்க, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக் கழிச்சலைச் சந்தேகிப்பேன். குடலைத் தாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் வேலை அது. எச்சத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் ஈரக் கூளத்தில் ஓரிரு நாட்களிலேயே நோய்பரப்பத் தயாராகிவிடும். ஆம்ப்ரோலியம் கலந்த தண்ணீர் நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த மருந்து, தயமின் என்னும் பி1 வைட்டமினைப்போல் வேடமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுவது. தெம்புக்காக என்று அதே தண்ணீரில் வைட்டமின் டானிக்கையும் ஊற்றினால் மருந்தின் வலு குறைந்துவிடும். கூளத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுப்பதும் வீண்.

அம்மைக்குப் பொறுமை போதும். கொண்டையில் கட்டிய பொருக்குகளைப் பிய்க்காமல் விட்டால் சில வாரங்களில் தாமே உதிரும். வாய்க்குள் படர்ந்தால்தான் ஆபத்து.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் அப்படியல்ல. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், திணறும் மூச்சு, முறுக்கிக்கொள்ளும் கழுத்து. வைரஸ் நோயாதலால் குணப்படுத்தும் மருந்து கிடையாது. முன்கூட்டியே போடும் தடுப்பூசி மட்டுமே காக்கும். இதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல கோழிகள் திடீரென இறந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

நோயுற்ற கோழியைத் தனியே பிரித்து, வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொல்வேன். தண்ணீரை வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டால் தானே விழுங்கும்.

இதையெல்லாம் ஏற்பவர்கள் ஒன்றை மட்டும் ஏற்கத் தயங்குவார்கள்: காலையில் நலமான கோழிகளுக்குத் தீனி, தண்ணீர் வைத்து முடித்த பிறகே நோயுற்றதிடம் போக வேண்டும். “உயிருக்குப் போராடுவதைக் காக்க வைப்பதா?” என்று ஒரு பெரியம்மா என்னிடம் கோபித்துக்கொண்டார். அவருடைய பரிவு எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் கையும் செருப்பும் தண்ணீர்த் தட்டும்தானே நோயைச் சுமந்து செல்கின்றன? அவருடைய நோய்க்கோழிக்கென ஒரு தனித் தட்டும் தனிச் செருப்பும் ஒதுக்கச் சொன்னேன். முகம் வீங்கி, மூக்கொழுகிய சளி நோய் அது. தேறினாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கக்கூடும் என்பதால், அதை மீண்டும் கூட்டத்தில் விடுவதா என்பதைப் பற்றித்தான் பிறகு நெடுநேரம் பேசினோம்.