மெடிசினல் கெமிஸ்ட்ரியை நான் படித்த விதம்

பி.பார்ம், அதாவது மருந்தாளுநர் பட்டப்படிப்பு, படிக்கிறவர்களிடம் எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மருந்துகளின் வேதியியலான மெடிசினல் கெமிஸ்ட்ரி, சுருக்கமாக மெட் கெம் என்றுதான் சொல்வார்கள். நான்காம் செமஸ்டரில் ஆரம்பித்து ஆறாம் செமஸ்டர் வரை மூன்று பேப்பர். நான் இரண்டை முடித்துவிட்டேன், மூன்றாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. கண்டனூரிலிருந்து காரைக்குடி வழியாகத் தினமும் பஸ்ஸில் கல்லூரி போய் வருகிறவள், பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். எனக்கு இந்தப் பாடம் எப்படிப் பிடிபட்டது என்று எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவுமே என்று தோன்றியது.

சீனியர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ஸ்ட்ரக்சரை மனப்பாடம் பண்ணு. பண்ணலாம், தேர்வு வரைக்கும் நிற்கும். ஆனால் அட்ரினலின் குடும்பம், அசிட்டைல்கோலின் குடும்பம், தூக்க மருந்து, வலிப்பு மருந்து, மயக்க மருந்து என்று முதல் பேப்பரிலேயே ஏகப்பட்ட மருந்துகள் வரிசை கட்டி நிற்கும். எதில் குளோரின், எதில் மெத்தில் என்று ஒன்றோடொன்று குழம்பிவிடும். என் அனுபவத்தில் பாதிப் பாடம் முதல் யூனிட்டிலேயே இருக்கிறது. அயனியாதல், கரைதிறன், பார்ட்டிஷன் கோஎஃபிஷியன்ட், ஹைட்ரஜன் பிணைப்பு, கீலேஷன், ஐசோமெரிசம் என்று மருந்தின் நடத்தையைத் தீர்மானிக்கும் குணங்கள் எல்லாம் அங்கேதான். எல்லாரும் 2 மார்க் கேள்விக்கு வரையறை எழுதிப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கேதான் உட்கார வேண்டும்.

என்னை உட்கார வைத்தது லேப். பென்சோயிக் அமிலத்தை ஆக்டனாலும் தண்ணீரும் இருக்கும் பிரிபுனலில் போட்டுக் குலுக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஆக்டனால் மேலே, தண்ணீர் கீழே. கீழடுக்கை வடித்து, பினாப்தலீன் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்தால் கொஞ்சத்திலேயே இளஞ்சிவப்பு வந்துவிடுகிறது. அமிலத்தில் பெரும்பங்கு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு அடுக்குக்கும் ஒரு பொருள் பங்கிடும் விகிதம்தான் பார்ட்டிஷன் கோஎஃபிஷியன்ட், அதன் மடக்கை லாக் பி. பென்சோயிக் அமிலத்துக்கு அது 1.87. தண்ணீரில் ஒரு பங்கு என்றால் ஆக்டனாலில் ஏறக்குறைய 74 பங்கு.

கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மேடம் வந்து, மிச்சமிருந்த மேலடுக்கில் சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றிக் குலுக்கச் சொன்னார். நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பியது. புனலைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கடி குழாயைத் திறந்து விட வேண்டியிருந்தது. அடுக்கு பிரிந்ததும் கீழே இருந்ததைப் பீக்கரில் பிடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தெளிந்த தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிகம் இறங்கியது. பென்சோயிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அது பாதி அயனியாகும் பிஹெச், 4.2. பைகார்பனேட்டில் அது அயனியாகித் தண்ணீருக்கு இறங்கியது, அமிலம் விட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பிக் கரையாமல் விழுந்தது. மருந்து வயிற்றுக்குள் போனால் நடப்பதும் இதுதானே! அன்று இரவே ஆஸ்பிரினுக்குக் கணக்குப் போட்டேன். பிகேஏ 3.5. பிஹெச் 1.5 இருக்கும் இரைப்பையில் அயனியாகாதது 100, அயனியானது 1. பிஹெச் 7.4 இருக்கும் ரத்தத்தில் அயனியாகாத ஒன்றுக்கு அயனியானது சுமார் 8000. இந்தக் கணக்குக்கான ஹெண்டர்சன் ஹாசல்பால்க் சமன்பாட்டை அதற்கப்புறம் நான் மனப்பாடம் பண்ணவே இல்லை.

வரைந்து பழக எங்கள் வீட்டுத் தரை உதவியது. பழைய வீடு, ஆத்தங்குடிக் கல் பாவியது. பூப்போட்ட கல்லில் எழுத்து தெரியாது, ஓரமாக ஓடும் வெறும் சிவப்புக் கல்லில் சாக்பீஸ் நன்றாகத் தெரியும். முழு மருந்தாக வரையாமல் முதலில் எலும்புக்கூடு, அப்புறம் ஒவ்வொரு தொகுதியாக மாற்றி வரைவேன்.

இப்படித்தான் சால்பியூட்டமால் என் கைக்கு வந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு இளைப்பு. அதற்கு இந்த மாத்திரையைப் போட்ட அன்று, "என்னத்தா இது, கை வெடவெடங்குது" என்பார். தரையில் அட்ரினலினை வரைந்தேன்: பென்சீன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓஹெச், வால் போல ஒரு சங்கிலி, அதன் முனையில் நைட்ரஜன், நைட்ரஜனில் ஒரு மெத்தில். அந்த மெத்திலை அழித்து ஐசோபுரொப்பைல் போட்டால் ஐசோபிரினலின். செல்லில் மருந்து போய் ஒட்டும் ஏற்பிகளில் ஆல்ஃபாவை விட்டுவிட்டு பீட்டா பக்கம் சாய்ந்துவிடும். மூச்சுக்குழல் விரியும், ஆனால் இதயமும் வேகமாக அடிக்கும். வேலையும் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு ஓஹெச்சில் மூன்றாம் இடத்தில் இருப்பதை காம்ட் என்ற நொதி மெத்தில் ஏற்றிச் செயலிழக்க வைத்துவிடும். சரி, அந்த ஓஹெச்சுக்குப் பதில் சிஹெச்2ஓஹெச் வைத்தால்? காம்ட் பிடிக்காது. நைட்ரஜனில் இன்னும் பருமனான டெர்ஷியரி பியூட்டைல் வைத்தால் மூச்சுக்குழலை விரிக்கும் பீட்டா 2 பக்கம் சாய்வு கூடும். இதுதான் சால்பியூட்டமால். இங்கிலாந்தில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு 1966இல் கண்டுபிடித்தது, 1969இல் விற்பனைக்கு வந்தது. அப்பத்தாவின் கை நடுக்கத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது: எலும்புத் தசையிலும் பீட்டா 2 ஏற்பி உண்டு. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அது நேரே நுரையீரலுக்குப் போகும். 4 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல 40 மடங்கு, ரத்தம் வழியாக உடம்பு முழுக்கச் சுற்றும். டாக்டரிடம் அழைத்துப்போய் இன்ஹேலருக்கு மாற்றிக்கொண்டோம். அடுத்து அதே வகை மருந்தான டெர்பியூட்டலின் பாடம் வந்தபோது இரண்டு ஓஹெச்சும் 3, 5 இடங்களில் தள்ளி இருப்பதைப் பார்த்தவுடனேயே, இதையும் காம்ட் தொடாது என்று நானே சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

லீவு நாட்களில் காரைக்குடியில் தெரிந்தவர் மெடிக்கலில் உதவிக்கு நிற்பேன். கடைக்காரர் முதலில் சொல்லிக்கொடுத்தது, "சிபிஎம் கொடுத்தா வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லிக் குடுக்கணும், ஆத்தா." சிபிஎம் என்பது குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து. அது கொழுப்பில் நன்றாகக் கரையும், மூளைக்குள் நுழையும், தூக்கம் வரும். பக்கத்து டப்பாவில் இருக்கும் இன்னொரு அலர்ஜி மருந்தான செட்டிரிசினின் வால் முனையில் ஒரு கார்பாக்சிலிக் அமிலம் இருக்கிறது. ஒரே மூலக்கூறில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சேர்ந்து நிற்பதால் மூளைக்குள் போவது குறைவு. சிலருக்குத் தூக்கம் வரத்தான் செய்யும், ஆனால் அந்த அளவு இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, ஹைட்ராக்சிசின் என்ற பழைய மருந்தின் ஆல்கஹால் முனை உடம்புக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் பொருள்தான் செட்டிரிசின் என்பது. உடம்பு மருந்தை எப்படி மாற்றுகிறது என்று சொல்லும் மெட்டபாலிசம் யூனிட்டில் ஃபேஸ் 1 என்றால் என்ன என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். மருந்தோடு வேறொரு தொகுதியை உடம்பு ஒட்டவைக்கும் ஃபேஸ் 2க்குப் பாராசிட்டமால் போதும்: குளுக்குரோனைடும் சல்ஃபேட்டும் ஏறிச் சிறுநீரில் போய்விடும். அளவு மீறினால் நாப்குவி என்ற நச்சுப் பொருள் மிஞ்சும், அதை அடக்கும் குளூட்டாதயோன் தீர்ந்து கல்லீரல் கெடும். வீட்டில் நினைத்தபோதெல்லாம் பாராசிட்டமால் விழுங்குகிறவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

தேர்வில் எஸ்ஏஆர், அதாவது மருந்தின் அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு பற்றிய கேள்விகளுக்கு எலும்புக்கூட்டை நடுவில் வரைந்து, ஒவ்வொரு இடத்துக்கும் அம்புக்குறி போட்டு, அங்கே என்ன மாற்றினால் என்ன ஆகும் என்று எழுதினேன். மார்க் நன்றாகவே வந்தது. இப்போது மூன்றாம் பேப்பரில் பெனிசிலின் நடக்கிறது. பெனிசிலினை உடைக்கும் பாக்டீரியாவின் பீட்டா லாக்டமேஸ் நொதி, பெனிசிலின் வகையான குளோக்சாசிலினை எளிதில் உடைக்க முடியாதது அதன் பருத்த பக்கத் தொகுதியால் என்பது படம் பார்த்ததுமே புரிகிறது. மருந்தைத் தயாரிக்கும் சிந்தசிஸ் வழிகள் மட்டும் அப்படி வரவில்லை. எந்த ரீஏஜென்ட், எந்தப் படி என்று அவற்றை இன்னும் எழுதி எழுதித்தான் மனதில் நிறுத்துகிறேன்.