மார்பில் ஒரு பல் தடம்

2024 ஜூலை 14, ஞாயிறு

மகள் போகிற குத்துச்சண்டை கிளப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. 'நாலாவது நடுவர்'. மார்ச் மாதம் அவளுடைய முதல் போட்டியில் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் எதிர்ப்பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். தமிழில் கத்தியதால் அர்த்தம் யாருக்கும் புரிந்திருக்காது, ஆனால் கோபம் புரிந்திருக்கிறது.

அன்று கோச் திட்டவில்லை. அறுபதைத் தாண்டிய ஆங்கிலேயர், அதிகம் பேசமாட்டார். கார் வரைக்கும் கூடவே நடந்து வந்து, "ஹாரி மாலின் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவரை ஒருவன் கடித்தான். கடிபட்டவர் தோற்றுவிட்டார் என்று அறிவித்தார்கள். வாயைத் திறக்காமல் இறங்கிப் போனார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

நாலு மாதமாக அந்தப் பெயர் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. இன்று உட்கார்ந்து தேடினேன். முதல் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. மாலின் பழகிய கிளப்பின் மைதானம் கிழக்கு லண்டன் லெய்ட்டனில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்!

1892-இல் ஷோர்டிட்சில் பிறந்தவர். ஹாக்னி விக் பக்கத்து ஏழைப் பையன்களுக்காக ஈட்டன் பள்ளியில் படித்த பணக்காரர்கள் சேர்ந்து நடத்திய 'ஈட்டன் மேனர்' கிளப்பில் பாக்ஸிங் கற்றவர். அப்புறம் லண்டன் மாநகரப் போலீஸில் கான்ஸ்டபிள். அந்தக் கிளப் இப்போது இல்லை. மைதானம் இருந்த இடத்தில் 2012 ஒலிம்பிக்ஸுக்கு நீச்சல் பயிற்சிக் குளங்கள் போட்டார்கள், பாராலிம்பிக்ஸில் சக்கர நாற்காலி டென்னிஸ் நடத்தினார்கள். இன்றைக்கு அங்கே ஹாக்கி, டென்னிஸ் மையம். நான் பத்து வருஷமாக அந்த வேலி ஓரமாகத்தான் மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். பெயர்ப்பலகையில் ஈட்டன் மேனர் என்று படித்தும் இருக்கிறேன். ஏதோ ஜமீன்தார் வீடு என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

மாலினின் கணக்கு: 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ஆங்கில அமெச்சூர் மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) பட்டம். 1920 ஆண்ட்வெர்ப்பில் ஒலிம்பிக் தங்கம், 1924 பாரிஸில் இன்னொன்று. குத்துச்சண்டையில் ஒலிம்பிக் தங்கத்தை முதலில் தக்கவைத்துக்கொண்டவர் அவர்தான். 300-க்கும் மேல் போட்டிகள், தோல்வியே கிடையாது. காசுக்கு ஆடவும் கடைசிவரை போகவில்லை.

இந்த அமெச்சூர் என்ற சொல் நம் காதில் 'அரைகுறை' என்று விழுகிறது. "அமெச்சூர்தனமா இருக்கு" என்று நானே அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். இங்கே பழைய ஆட்கள் அந்தச் சொல்லை மரியாதையோடு உச்சரிப்பதைக் கேட்க வேண்டும். கூலிக்கு அடிப்பவன் இல்லை என்று அர்த்தம். அதில் கொஞ்சம் வர்க்கத் திமிரும் உண்டு. அப்பா சொத்து இருக்கிறவனுக்குக் கூலி வேண்டாம் என்பது சுலபம். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் இதே மிடில்வெயிட்டில் தங்கம் வாங்கியவர் ஜானி டக்ளஸ், பின்னால் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கே கேப்டனான அதே ஆள். இரண்டு ஆட்டத்துக்கும் நேரம் இருந்திருக்கிறது பாருங்கள். மாலின் அந்த ரகம் இல்லை. கான்ஸ்டபிள் சம்பளத்துக்கு லத்தி பிடித்தவர் காசை வேண்டாம் என்றதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆண்ட்வெர்ப்பில் குத்துச்சண்டை நடந்தது மிருகக்காட்சிச் சாலையின் மண்டபத்தில். இதை மகளிடம் சொன்னேன். "சிங்கம் கத்தியிருக்குமாப்பா?" என்றாள். அங்கே இறுதிச் சுற்றில் கனடாவின் ழார்ஜ் ப்ரூதோமைத் தோற்கடித்தார் என்று சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. சிங்கத்திலேயே நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ராத்திரி தூங்கவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 71 கிலோ குத்துச்சண்டை காலிறுதி. நம் நிஷாந்த் தேவ், மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் தோற்றுப்போனார். ஐந்து நடுவர்களில் நாலு பேர் வெர்டே பக்கம். ஜெயித்திருந்தால் பதக்கம் உறுதி. குத்துச்சண்டையில் இப்போதெல்லாம் அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்குமே வெண்கலம் உண்டு. காலையில் எழுந்தால் கல்லூரி நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் எழுபது செய்தி. 'கொள்ளை' என்ற சொல் மட்டும் பதினொரு தடவை. அதில் மூன்று என்னுடையது.

எனக்கு முதல் ரவுண்டு நிஷாந்துடையதாகத்தான் தெரிந்தது. கடைசி ரவுண்டில் கால் தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் குழுவில் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக நூறு வருஷம். அதே பாரிஸ், அதே காலிறுதி.

1924-இல் போட்டி நடந்தது வெலோட்ரோம் திவேர் என்ற உள்ளரங்கில். குளிர்காலத்துச் சைக்கிள் பந்தயத்துக்குக் கட்டியது. (1942 ஜூலையில் பிரெஞ்சுப் போலீஸ் யூதக் குடும்பங்களைக் குழந்தை குட்டியோடு பிடித்து அடைத்ததும் இதே கூரைக்குக் கீழேதான். 1959-இல் இடித்துவிட்டார்கள்.) மாலினுக்கு எதிரே உள்ளூர்ப் பையன் ரோஜே ப்ரூஸ். கூட்டம் முழுக்க அவன் பக்கம். மூன்று ரவுண்டு முடிந்தது. மாலின் ரெஃபரியிடம் போய்த் தன் மார்பைக் காட்டினார். பல் பதிந்திருந்தது. ரெஃபரி கண்டுகொள்ளவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று ப்ரூஸ் ஜெயித்ததாக அறிவிப்பு.

இங்கேதான் கோச் சொன்ன கதை இடறுகிறது. 'வாயைத் திறக்காமல்' என்றாரே? மனிதர் சட்டையை விலக்கிக் காட்டியிருக்கிறார்! காட்டியும் எடுபடவில்லை என்றதும் மேற்கொண்டு வாதாடாமல் இறங்கிப் போயிருக்கிறார். இரண்டும் ஒன்றா?

ஆகஸ்ட் 7, புதன்

நேற்று அரையிறுதி. நிஷாந்தை வென்ற அதே வெர்டே, இங்கிலாந்தின் லூயிஸ் ரிச்சர்ட்சனையும் வென்றார். மூன்றுக்கு இரண்டு. பிரிட்டன் அனுப்பிய ஆறு பேரில் பதக்கம் இவருடைய வெண்கலம் மட்டும்தான். என் ஷிப்டில் இருக்கிற கோல்செஸ்டர்க்காரர் ஒருவர், ரிச்சர்ட்சன் ஊர்க்காரர், காலையில் கண் சிவந்து வந்தார். "கொள்ளை" என்றார். நான் எழுந்து கை கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாலின் கதையின் மிச்சத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். மாலின் புகார் கொடுக்கவே இல்லை. கொடுத்தது ஸ்வீடன்காரர் ஒருவர், சர்வதேசச் சங்கத்து அதிகாரி. சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதர். அவர் பிடிவாதம் பிடித்து விசாரணை வைக்கச் செய்தார். டாக்டர் பார்த்தார், புதுப் பல் தடம் என்றார். அதற்கு முன் ப்ரூஸோடு ஆடிய அர்ஜென்டினாக்காரர் கயார்தோவும் "என்னையும் கடித்தான்" என்று சொன்னார். விசாரணை முடிகிற வரைக்கும் மாலின் தோற்றவர்தான். வெளியூரில், பல் தடத்தோடு, தோற்றவராகப் படுத்துக் கிடந்திருக்கிறார்.

முடிவு வேடிக்கையானது. ப்ரூஸ் வேண்டுமென்று கடிக்கவில்லை, குத்தும்போது தாடையைப் படக்கென்று மூடுகிற பழக்கம் இருக்கிறது என்று நடுவர் குழு பெருந்தன்மையாக ஒரு விளக்கம் கண்டுபிடித்தது. ஆனாலும் தகுதிநீக்கம். அது தெரிந்ததும் ப்ரூஸ் தேம்பி அழுதிருக்கிறார். ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு அரங்கில் ரகளை செய்தார்கள். எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. தாடைப் பழக்கம் நிஜமாகவே இருந்திருந்தால்? என் மகள் மூச்சு விடும்போதெல்லாம் நாக்கைக் கடிப்பாள். மூன்று வருஷமாகச் சொல்லியும் விடவில்லை.

பிறகு மாலின் அரையிறுதியில் பெல்ஜியத்தின் பீகெனை வென்றார். இறுதிச் சுற்றில் எதிரே நின்றது இன்னொரு பிரிட்டிஷ்காரர், ஜான் எலியட். பாயின்ட்டில் ஜெயித்துத் தங்கம். ஆனால் யார் கேட்டாலும் கடிபட்ட கதையைத்தான் சொல்கிறார்கள், தங்கம் வாங்கிய கதையை இல்லை. நானும் அதே குற்றவாளி.

செப்டம்பர் 12, வியாழன்

கிளப் திறந்துவிட்டது. மறுபடி கையில் சுற்றும் பட்டித் துணிகளைத் துவைப்பது என் வேலை. ஒவ்வொன்றும் நாலரை மீட்டர். துவைத்து ரேடியேட்டரில் போட்டால் விறைத்துக் கருவாடு மாதிரி ஆகிவிடும். அதை முழங்காலுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, ஒட்டும் முனை உள்ளே வரும்படி இறுக்கிச் சுருட்ட வேண்டும். தப்பாகச் சுருட்டினால் கிளப்பில் எல்லார் முன்னாலும் பிரித்துத் திரும்பச் சுருட்டுவாள், என்னைப் பார்த்துக்கொண்டே. கட்டை விரலில் ஒரு வளையம், மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் கணுக்களில் மூன்று, பிறகு விரல் சந்துகளில் எக்ஸ் எக்ஸாக. பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம். என் ஜென்மத்தில் யாரையும் குத்தியது இல்லை.

சுருட்டும்போது மாலின் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "தங்கத்தைத் தக்கவெச்ச அடுத்த பிரிட்டிஷ் ஆள் யாரு தெரியுமா?" என்று அவளே கேட்டாள். நிக்கோலா ஆடம்ஸ். லீட்ஸ் பெண். 2012 லண்டன், 2016 ரியோ. மாலினுக்குப் பிறகு 92 வருஷம் கழித்து. லண்டன் அரையிறுதியில் நம் மேரி கோமை வென்றவர் என்பதால் எனக்கு அப்போது அவரைப் பிடிக்காது. 1996 வரைக்கும் இங்கிலாந்து அமெச்சூர் சங்கம் பெண்களை ரிங்கில் ஏறவே விடவில்லை என்பதை மகள்தான் சொன்னாள். அந்தத் தடை நீங்கியபோது ஆடம்ஸுக்கு வயது பதினாலு. இவளுக்கு இப்போது இருக்கிற வயது.

அக்டோபர் 13, ஞாயிறு

அலெக்ஸாண்ட்ரா அரண்மனை மேடு. காற்று. டிவி கோபுரத்தைப் பார்க்கத்தான் போனோம், மகள் ஐஸ் ஸ்கேட்டிங் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். 1937 பிப்ரவரியில் பிபிசி இங்கிருந்து இரண்டு குத்துச்சண்டைகளை ஒளிபரப்பியபோது வர்ணனை சொன்னவர் மாலின்தான். டிவியில் விளையாட்டுக்கு வர்ணனை சொன்ன முதல் ஆள் என்கிறார்கள். அதற்கு முந்தின வருஷம் பெர்லினுக்கு பிரிட்டிஷ் குத்துச்சண்டை அணியின் மேலாளராகப் போனார், 1952-இல் ஹெல்சின்கிக்கும். தம்பி ஃபிரெட்டும் மிடில்வெயிட்டில் தொடர்ந்து ஐந்து வருஷம் அமெச்சூர் பட்டம் வாங்கியவர், 1928 ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள்!

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று மகளுக்கு இரண்டாவது போட்டி. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு சமூகக் கூடம், நடுவில் ரிங், சுற்றிலும் மடக்கு நாற்காலிகள், வறுத்த உருளைக்கிழங்கும் வலி மருந்தும் கலந்த வாசனை. மாலின் இறந்தது 1969 நவம்பர் 8. அதற்கு மறுநாள் தேதியில் போட்டி என்பதை நான் மட்டும்தான் மனசுக்குள் வைத்திருந்தேன்.

எதிரே இருந்த பெண் இவளைவிட அரை அங்குலம் குட்டை, ஆனால் கால் நன்றாக ஓடியது. முதல் ரவுண்டில் மகள் நாலு இடது நேராக இறக்கினாள், எனக்கே கை தட்டத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்தப் பெண் உள்ளே புகுந்துவிட்டாள். இரண்டாவது ரவுண்டில் விலாவில் விழுந்த குத்தின் சத்தம் மூன்றாம் வரிசைக்குக் கேட்டது. மூன்றாவதில் மகள் கயிற்றிலேயே இருந்தாள். நாக்கைக் கடிப்பது தெரிந்தது.

இரண்டு பேரையும் நடுவில் நிறுத்தி ரெஃபரி கையைப் பிடித்துக்கொண்டார். தூக்கினார். மகள் கை.

மூன்றில் இரண்டு பேர் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர் கூடம், நாங்கள் உள்ளூர். எதிர் வரிசையில் ஒரு மனிதர் எழுந்து நின்றார். கத்தவில்லை. நின்றார், அவ்வளவுதான். மார்ச் மாதம் நான் எப்படி இருந்திருப்பேன் என்று பார்த்தேன்.

மகள் எதிர் மூலைக்குப் போய் அவர்கள் கோச்சுக்குக் கை கொடுத்தாள், இங்கே அது வழக்கம். கீழே இறங்கி வந்து க்ளவுஸை நீட்டினாள். நான் கழற்றும்போது காதுக்கு அருகே குனிந்து, "அவதாம்பா ஜெயிச்சா" என்றாள்.

"கோச்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அடுத்த தடவை கையை மேலே வை'ன்னார்."

கோப்பையை என்னிடம் தந்துவிட்டு உருளைக்கிழங்கு வரிசையில் போய் நின்றாள். அந்தப் பெண்ணும் அதே வரிசையில் நின்றாள். இரண்டு பேரும் ஃபோனை நீட்டி எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வீடன்காரராக எனக்குத் தைரியம் வரவில்லை. மேசைக்குப் போய் 'தீர்ப்பு தப்பு' என்று சொல்கிற அப்பா உலகத்தில் இருப்பாரா தெரியாது, நான் இல்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் அந்த மனிதர் டிக்கியைத் திறந்து பையை வைத்துக்கொண்டிருந்தார். போனேன். கிட்டப் போனதும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"உங்கள் பெண்தான் நன்றாக ஆடினாள். எங்களுக்கும் தெரியும்."

அவர் டிக்கியை மூடினார். "நாலாவது நடுவர் நீங்கள்தானே?" என்றார்.