சுதந்திர தேவி சிலைக்குப் பின்னால் ஓர் இரவு

"அண்ணே, இங்கேயே நங்கூரம் போட்டுடலாமே?"

நான் இப்படிக் கேட்டபோது மணி மதியம் ஒன்று. முந்தின நாள் மதியம் கேப் மேயிலிருந்து கிளம்பி, ராத்திரி முழுக்க மாறி மாறிச் சுக்கான் பிடித்து, நியூ ஜெர்சி கரையை ஒட்டியே ஏறி வந்து, அப்போதுதான் நியூயார்க் துறைமுகத்தின் வாசலில் இருக்கும் சாண்டி ஹூக் என்ற மணல்நாக்கைச் சுற்றி உள்ளே திரும்பியிருந்தோம். கண் எரிந்தது. எதிரே மணல்திட்டின் மேல் 1764-இலிருந்து நின்றுகொண்டிருக்கும் கலங்கரை விளக்கம். அமெரிக்காவில் இன்னும் எரிகிற விளக்கங்களில் இதுதான் மூத்தது. அதன் காலடியில் படுத்துத் தூங்கினால் போதும் என்று இருந்தது எனக்கு.

அண்ணன் சம்மதிக்கவில்லை. படகு அவருடையது, 32 அடிப் பாய்மரப் படகு. இந்தத் தண்ணீரை அவருக்குப் பல வருடங்களாகத் தெரியும். சாண்டி ஹூக்கின் உள்பக்கத்தில் ஹார்ஸ்ஷூ கோவ் என்ற அழகான வளைவு இருக்கிறது. கிழக்குக் காற்றுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் மேற்கே அது திறந்தே கிடக்கிறது, அன்றைக்கு அடித்ததோ தென்மேற்குக் காற்று. தெற்கே அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ் அலைத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்றால், மிதவைகளில் கட்டிய படகுகள் நெருக்கியடித்து நின்றன. வளைகுடாவின் நடுவில் கடற்படையின் ஏர்ல் ஆயுதக் கிடங்குக்காகக் கப்பல்கள் வந்து கட்டும் துறைப்பாலம் ஏறத்தாழ மூன்று மைல் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. அதன் பக்கத்தில் போகவே கூடாது.

இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் முக்கியம். மறுநாள் நாங்கள் ஈஸ்ட் ரிவர் வழியாக லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடற்பகுதிக்குப் போக வேண்டும். பெயர்தான் ஆறு, உண்மையில் அது இரண்டு பக்கமும் கடல் இழுக்கிற நீரிணை. அதில் ஹெல் கேட் என்ற முடுக்கில் ஓட்டம் 5 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வரை போகும். எங்கள் எஞ்சினை முழு வேகத்தில் விட்டாலே 6 நாட்தான். அங்கே பாறைகள் எத்தனையோ கப்பல்களை உடைத்ததால், 1885-இல் ஃப்ளட் ராக் என்ற பாறையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போய்விட்டது, ஓட்டம் போகவில்லை. நீர் நம்மோடு ஓடுகிற நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும். அதற்கு விடியற்காலையில் மன்ஹாட்டனின் தென்முனைக்குப் பக்கத்திலேயே நாங்கள் இருக்க வேண்டும்.

ஆகவே ஏற்ற நீரோடு, அதாவது கடல் மட்டம் உயரும்போது உள்ளே ஓடுகிற நீரோடு, மேலே போனோம். வெரசானோ பாலத்துக்குச் சற்றுத் தெற்கே வலதுபுறம் கிரேவ்சென்ட் வளைகுடா, நின்று யோசித்தோம். பார்ஜுகள் (தட்டையான சரக்குப் படகுகள்) வரிசையாக நங்கூரமிட்டிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இழுவைப் படகு கடந்து போய், அதன் அலையில் அடுப்பிலிருந்த கெட்டில் உருண்டு கீழே விழுந்தது. பேசாமல் பாலத்தைக் கடந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் உடம்பில் இருந்த தூக்கமெல்லாம் போய்விட்டது. முன்னால் கொள்கலன் கப்பல், பின்னால் ஆரஞ்சு நிற ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி, ரேடியோவில் 13-ஆம் சேனலில் கப்பலோட்டிகள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்ளும் குரல்கள். பெரிய கப்பலுக்கு ஆழமான கப்பல் வாய்க்காலை விட்டால் வேறு வழியில்லை, ஒதுங்க வேண்டியது நாம்தான். வாய்க்கால் மிதவைகளுக்கு வெளியே, மேற்கு ஓரமாகவே ஊர்ந்தோம்.

நாங்கள் தேடி வந்த இடம் சிலை நிற்கும் லிபர்டி தீவுக்குப் பின்னால், லிபர்டி ஸ்டேட் பார்க் கரைக்கு எதிரே இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது நிறைய. தீவைச் சுற்றி 150 கஜத்துக்குப் பாதுகாப்பு எல்லை, உள்ளே போகக் கூடாது. தெற்கே சேற்றுத்திட்டு, தரை தட்டும். நடுவில் மிஞ்சுகிற கொஞ்சம் தண்ணீரில் ஏற்கனவே இரண்டு படகுகள்.

ஆழமானி 14 அடி காட்டியது. அங்கேதான் நங்கூரச் சங்கிலி எவ்வளவு விட வேண்டும் என்ற கணக்கை அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "இப்ப இருக்குற ஆழத்தைப் பார்க்காதே. ஏற்றம் முடியும்போது 15 ஆகும். தண்ணியிலிருந்து நம்ம முன்முனை 4 அடி உயரம். ரெண்டையும் கூட்டி அஞ்சால பெருக்கு." 95 அடி. நாங்கள் 120 அடி சங்கிலி விட்டோம். அடுத்த கேள்வி, வற்றத்தில் 10 அடிக்கு இறங்குமே, எங்கள் படகின் அடிக்கட்டை நீருக்குக் கீழே 5 அடி. 120 அடிச் சங்கிலியில் சுற்றி வரும்போது எந்தப் பக்கம் போனாலும் அந்த 10 அடி இருக்குமா? இருட்டுவதற்கு முன்பே மெதுவாக வட்டமடித்து அளந்து பார்த்தோம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நகரத்துக்குப் பக்கத்தில் யாரும் தூங்கப் போகாதீர்கள்.

எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு இழுத்தபோது அண்ணன் என் கையைப் பிடித்துச் சங்கிலியின் மேல் வைத்தார். முதலில் விரலுக்குக் கீழே கடகடவென்று ஓர் அதிர்வு. "இழுபடுது." பிறகு அது நின்றது. சங்கிலி கம்பியாக விறைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அசையாமல் நின்றது. "பிடிச்சிருச்சு." கரையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டட மூலையையும் நேர்கோட்டில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தோம். கோடு கலையவில்லை.

பாய்மர உச்சியில் எங்கும் தெரியும் வெள்ளை விளக்கு சட்டப்படி போட்டாயிற்று. ஆனால் பின்னால் மன்ஹாட்டன் முழுக்க விளக்கு, அதில் எங்கள் ஒற்றை விளக்கு யார் கண்ணில் படும்? இன்னொரு லாந்தரை ஆள் உயரத்தில், பாய்த்தண்டில் கட்டித் தொங்கவிட்டோம். வேகப்படகில் வருகிறவன் பார்வை அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

எட்டரைக்கு நீர் திரும்பியது. தெற்கே பார்த்து நின்ற படகு கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே திரும்பியது. மூன்று படகுகளும் ஒரே நேரத்தில் திரும்பியதைப் பார்க்க அவ்வளவு அழகு. பதினொரு மணிக்குத் தென்மேற்குக் காற்று மறுபடி எழுந்து, ஓட்டத்துக்கு எதிராகப் படகைத் தன் நங்கூரத்தின் மேலேயே தள்ளிக்கொண்டு போனது. சங்கிலி படகின் முன்முனையில் உரசி, பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் அலறியடித்து மேலே ஓடினேன். விளக்குக் கம்பமும் கட்டட மூலையும் சற்றே விலகியிருந்தன, படகு எதிர்ப்பக்கம் வந்துவிட்டதால் விலகத்தானே வேண்டும். அண்ணன் சங்கிலியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அது உரசல்தான், இழுவை இல்ல. போய்ப் படு" என்றார்.

நான் படுக்கவில்லை. ஃபெர்ரிகளின் அலைகள் குறைந்து வந்த பிறகு, பச்சை நிறச் சிலை வெளிச்சத்தில் முதுகு காட்டி நிற்க, அந்தத் தண்ணீரில் முதல்முறையாக அமைதி வந்தது. இரண்டு மணிக்கு ஏற்றம் மறுபடி தொடங்கியது. படகு பழையபடி தெற்கே திரும்பி, கோடு தன் இடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் உள்ளே இறங்கினேன்.

ஐந்து மணிக்கு நங்கூரத்தைத் தூக்கினோம். நங்கூரத் தண்டுக்கு மேலே வரை கருஞ்சேறு, வெண்ணெய் மாதிரி, கந்தக வாடையோடு. வாளி வாளியாக ஊற்றி நான் அதைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே நீர் எங்களை மன்ஹாட்டனின் தென்முனையான பேட்டரி முனையை நோக்கிக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தது.