ஹட்டனிலிருந்து முதலீட்டு வங்கிக்கு

எங்கள் பக்கம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வர்த்தகத்தில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் நன்றாக வந்தால் முதல் பேச்சு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிதான். ஆசிரியர் நியமனம் கையோடு வரும் என்று மாமா எனக்கும் சொன்னார். மாவட்டக் கோட்டாவில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் நிதியியல் கிடைத்ததால் கொழும்புக்கு பஸ் ஏறினேன். ஆங்கிலத்தில் படிக்கும் சிரமத்தைப் பலர் எழுதிவிட்டார்கள், விடுவோம்.

முதலீட்டு வங்கி வேலை என்றால் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டிக் கொடுப்பது, கம்பனியை வாங்க விற்க விலை மதிப்பிடுவது. கொழும்பில் இதைச் செய்யும் இடங்கள் குறைவு. ஆள் பிடித்து இன்டர்ன்ஷிப் வாங்க எங்களுக்கு யாரைத் தெரியும்? சீனியர்கள் சி.எஃப்.ஏ. எழுதச் சொன்னார்கள், முதலீட்டுத் துறைக்கான சர்வதேசத் தொழில்முறைப் பரீட்சை அது. அப்போது 2022. கட்டணமோ டொலரில், டொலரோ சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலே 30 சதவீதம் தரும்போது புதுப் பங்கு வெளியீட்டுக்கு யார் காசு போடுவார்கள்? நான் விண்ணப்பித்த இடங்களில் ஆள் எடுக்கவே இல்லை.

அதனால் சீ.ஏ. (பட்டயக் கணக்காளர்) பக்கம் போனேன். கட்டணம் ரூபாயில், 3 வருடப் பயிற்சிக் காலத்தில் சின்னக் கொடுப்பனவும் உண்டு. கடைசிவரை முதலீட்டு வங்கி கிடைக்காவிட்டாலும் கணக்காளராகப் பிழைக்கலாம். கடன் வாங்கி உடனே எம்.பி.ஏ. செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை, அனுபவமில்லாத எம்.பி.ஏ.வை முதலீட்டு வங்கிகளில் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. பயிற்சியில் செய்த ஒடிட் (கணக்காய்வு) வேலை சலிப்புத்தான். களஞ்சியத்தில் நின்று பெட்டி எண்ணியிருக்கிறேன். ஆனால் ஆண்டறிக்கையைப் பின்பக்கக் குறிப்புகளிலிருந்து படிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

பிறகு ஒரு முதலீட்டு வங்கி நேர்முகத்தில் கைகொடுத்ததும் அதுதான். ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் அறிக்கையைத் தந்து, "லாபம் காட்டுகிறார்கள், காசு எங்கே? சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார்கள். மரம், பயிர் போன்ற உயிருள்ள சொத்துகளைக் காட்டும் உயிரியல் சொத்துக் குறிப்பைத் திருப்பினேன். மலையில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் பெறுமதி கூடினால், எல்.கே.ஏ.எஸ். 41 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தின்படி அந்த அதிகரிப்பு லாபத்தில் சேரும். வெட்டி விற்கும்வரை ஒரு சதமும் கைக்கு வராது. அடுத்து பணிக்கொடைப் பொறுப்பு, அதாவது தொழிலாளர் சேவையை விட்டுப் போகும்போது கம்பனி கொடுக்க வேண்டிய தொகை. எதிர்காலத்தில் கொடுக்கும் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணக்கிடும் கழிவு வீதம் கூடினால் என்ன ஆகும் என்றார்கள். ஏட்டில் பொறுப்பு குறையும், ஆட்கள் ஓய்வு பெறும்போது கொடுக்க வேண்டிய காசு குறையாது என்றேன். கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் சேவைக்காலப் பணமும் இப்படி ஒரு கம்பனியின் தொகைக்குள்தான் கிடக்கிறது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. சி.எஃப்.ஏ. முதல் நிலைக்கு இப்போதுதான் படிக்கிறேன். 180 கேள்விகள், எல்லாம் பல்தேர்வு. வசதி குறைந்தவர்களுக்கு சி.எஃப்.ஏ. நிறுவனமே புலமைப்பரிசில் தருகிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.