ஓடைமேல் ஓர் இஞ்சி வீடு

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த வருடம் சாய்வுக் கூரையும் கலர் மிட்டாயுமாக, கிறிஸ்துமஸுக்கு இஞ்சி பிஸ்கட்டில் கட்டும் வழக்கமான ஜிஞ்சர்பிரெட் வீடு வேண்டாம் என்று மகளும் நானும் முடிவு செய்துவிட்டோம். அக்டோபரில் பென்சில்வேனியாவின் மில் ரன் ஊருக்குப் போய், ஓடைமேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டைப் பார்த்ததிலிருந்து மனதில் வேறெதுவும் நிற்கவில்லை. அதைக் கட்டச் சொன்னவர் எங்கள் பிட்ஸ்பர்கில் பெரிய கடை வைத்திருந்த எட்கர் காஃப்மன். அவர் அருவியைப் பார்த்தபடி வீடு வரும் என்று நினைத்திருந்தார். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935இல் வரைந்து கொடுத்ததோ அருவியின் மேலேயே நிற்கும் வீடு. உள்ளே நின்றால் அருவி கண்ணில் படாது, சத்தம் மட்டும் கூடவே வரும். சத்தத்தை மாவில் செய்ய முடியாது. கீழே தூண் இல்லாமல் ஓடைமேல் நீளும் பால்கனியைச் செய்யலாம்.

40க்கு 1 அளவு. கூடத்துப் பால்கனி நிஜத்தில் சுமார் 15 அடி வெளியே நிற்கிறது. எங்களுக்கு நாலரை அங்குலம். இன்று அட்டையில் வெட்டி நிறுத்திப் பார்த்தோம்.

டிசம்பர் 7, சனி

மொலாசஸ் என்ற கரும்புப் பாகு, இஞ்சி, கிராம்பு, பட்டை. சோடா போடவில்லை, போட்டால் உப்பி அளவு கெட்டுவிடும். கால் அங்குல கனம். ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு அட்டையை மேலே வைத்து ஓரங்களை மறுபடி வெட்ட வேண்டும், ஆறினால் நொறுங்கும். மகள் அட்டையை அழுத்திப் பிடித்தாள், நான் வெட்டினேன். விழுந்த துண்டுகளைக் கல் சுவருக்காக டப்பாவில் போட்டு வைத்தோம். ராத்திரியே பால்கனியை ஐசிங் வைத்து ஒட்டியாயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் பால்கனி முன்னால் தொங்கிக் கிடந்தது. ஸ்கேல் வைத்தால் மூன்று நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. மொலாசஸ் ஈரத்தை இழுக்கும், ராத்திரி முழுக்க மழை. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார வைத்து நிஜ வீட்டின் கதையைச் சொன்னேன். அங்கேயும் கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங்கைப் பிரித்ததுமே பால்கனி இறங்கத் தொடங்கியது. இத்தனைக்கும் காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் ரைட்டைக் கேட்காமலே பீமில் கம்பியை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். காஃப்மன் பல வருடம் ஆள் வைத்து அளந்து குறித்தார். போகப்போக ஏழு அங்குலம் வரை இறங்கிவிட்டது. 2002இல் கூடத்துத் தரைக்கல்லைப் பெயர்த்து, பீம்களோடு எஃகு வடம் ஓட்டி இறுக்கினார்கள்.

"பழையபடி நேராயிடுச்சா அம்மா?"

"இல்லம்மா. இனிமே இறங்காம பிடிச்சு நிறுத்தினாங்க."

அந்த வீட்டில் பீம்கள் அடியிலுள்ள கான்கிரீட் தளத்துக்கும் மேலே உள்ள கல் தரைக்கும் நடுவில் மறைந்திருக்கின்றன. நாங்களும் அப்படியே செய்தோம். கீழே ஒரு பலகை, அதன்மேல் குத்துவாட்டில் மூன்று பட்டைகள், மேலே இன்னொரு பலகை. பட்டைகளின் பின்பாதி சுவருக்குள் போகிறது, சுவரின் பாரம்தான் அதை அழுத்திப் பிடிக்கும். அடியில் புத்தகங்களை முட்டு கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

முட்டுக் கொடுத்திருந்த புத்தகங்களை எடுத்தேன். பால்கனி நிற்கிறது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் குனிந்து அடிவழியாக அந்தப் பக்கம் பார்த்தாள், நெடுநேரம்.

டிசம்பர் 14, சனி

இன்று முழுக்கச் சுவர். துண்டுகளைப் படுக்கை வசமாக அடுக்கி, அங்கங்கே ஒன்றை மட்டும் வெளியே நீட்டிவிட்டேன். நிஜச் சுவரிலும் அந்த மணற்கற்கள் அப்படித்தான் துருத்திக்கொண்டு நிழல் போடும். பால்கனிக்கு வெளிர் சந்தன நிறம், ஐசிங்கில் துளி காப்பி டிக்காஷன் விட்டதும் வந்துவிட்டது.

நிஜ வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அடுப்பங்கல். அங்கே ஏற்கெனவே கிடந்த பாறையை உடைக்காமல், கணப்புக்கு முன்னால் தரையைத் துளைத்து எழுந்ததுபோல் விட்டுவிட்டார்கள். சுற்றிலும் தரைக்கல்லுக்கு மெழுகு போட்டிருப்பதால் தண்ணீர்போல் மினுங்கும். பாறைக்கு மெழுகு இல்லை. ஓடையில் நனையாமல் நிற்கும் கல் அது. நான் ஒரு கட்டி வெல்லத்தை வைத்தேன், தரைக்கு மட்டும் சர்க்கரைப் பாகு தடவினேன். விளக்கைக் காட்டினால் தரை ஈரம், கல் உலர்ந்திருக்கிறது!

டிசம்பர் 15, ஞாயிறு

அருவி. பாகு கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தாண்டி, தண்ணீரில் விட்டால் கண்ணாடியாக உடையும் பதம் வரவேண்டும், 150 டிகிரி செல்சியஸ். ஜன்னலுக்கும் அதையே ஊற்றினோம். மிச்சம் இறுகுவதற்குள் முள்கரண்டியால் கீழ்நோக்கி இழுத்தேன், நூல்நூலாக இறங்கியது.

டிசம்பர் 21, சனி

ஸ்கேல் வைத்தேன். ஒரு நூல் இறங்கியிருக்கிறது. மகள் பென்சிலால் அட்டையில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.