தள்ளி வைத்த மெட்டு

தள்ளிய மெட்டா, தள்ளி வைத்த மெட்டா? இந்திப் பட இசையமைப்பாளர் மதன் மோகன் விஷயம் எனக்கு இன்னும் இந்த இடத்தில்தான் சிக்கி நிற்கிறது.

நடந்தது தெரிந்ததுதான். ‘மௌசம்’ படத்துக்கு குல்சார் எழுதிய ‘தில் டூண்ட்தா ஹை’ பாட்டுக்கு அவர் பல மெட்டுகள் போட்டார். ஒன்று தேறியது. அதைப் பூபிந்தரும் லதாவும் சேர்ந்து பாடினார்கள். பூபிந்தர் தனியாக, நடையைக் குறைத்து இன்னொரு முறை பாடினார். தேறாத ஒன்று மதன் மோகனின் சொந்தக் குரலில் நாடாவில் கிடந்தது. 1975 ஜூலை 14 அன்று, 51 வயதில், அவர் போய்விட்டார். 2004 நவம்பரில் வந்த ‘வீர்-ஸாரா’வில் அந்த மெட்டு ஜாவேத் அக்தரின் சொற்களோடு ‘தேரே லியே’ ஆயிற்று.

அதற்கு முன் நடந்த ஒரு பேச்சைத்தான் மறுபடி மறுபடி நினைக்கிறேன். ‘வீர்-ஸாரா’ கதைக்குப் பழைய பாணி இனிமை வேண்டும் என்கிறார் அதன் இயக்குநர் யஷ் சோப்ரா. அப்பாவின் பயன்படாத மெட்டுகள் நாடாவில் இருக்கின்றன என்கிறார் சஞ்சீவ் கோஹ்லி. மதன் மோகனின் மகன். யஷ் சோப்ராவின் நிறுவனத்திலேயே பொறுப்பில் இருந்தவர். ஒரு மகன் சொல்லக்கூடிய மிக இயல்பான பதில். ஆனால் மெட்டோடு புழங்குகிறவர்களுக்கு உடனே ஒரு கேள்வி எழ வேண்டும்: அவர் ஏன் பயன்படுத்தவில்லை?

பயன்படாத மெட்டு எல்லாம் ஒரே சாதி இல்லை. படம் நின்றுபோனதால் கிடப்பது ஒன்று. காட்சியை வெட்டியதால் அநாதையானது ஒன்று. இயக்குநருக்குப் பிடிக்காமல் போனது இன்னொன்று. இந்த மூன்றையும் எடுத்து ஆள்வதில் யாருக்கும் உறுத்தல் வராது. நான்காவது வகைதான் சிக்கல்: போட்டவரே கேட்டுப் பார்த்து, இதைவிட அது மேல் என்று ஒதுக்கியது. ‘தேரே லியே’ எந்த வகை? ஒரே பாட்டுக்குப் பல மெட்டு போட்டால், தேர்வது ஒரு ஆள் வேலையாக இருப்பதில்லை. இயக்குநரும் கவிஞருமான குல்சார் ஒன்றுக்குத் தலையாட்டியிருப்பார், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார், இசையமைப்பாளர் தனக்குப் பிடித்ததைக் கடைசியில் பாடிக் காட்டி அதன் பக்கம் இழுத்திருப்பார். யார் வேண்டாம் என்றது என்பது நாடாவில் பதிவாவதில்லை.

நாடாவில் என்ன இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்தக் கவலை புரியும். கம்போசிங்கின்போது வீட்டு ஸ்பூல் ரெக்கார்டரில் பிடித்தது: குரல், ஹார்மோனியம், சில சமயம் தபலா. 7 அங்குலச் சுருளில் 1200 அடி நாடா. நொடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 64 நிமிடம், ஏழரையில் 32. நாடாவை மிச்சம் பிடிக்கக் குறைந்த வேகத்தில் பிடிப்பதும் உண்டு. அப்போது மேல்ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும், சகாரமும் ஷகாரமும் கரையும்.

முதல் சிக்கல் சுருதி. நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடினால் பாட்டு அரைக்கட்டை ஏறிவிடும். சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டரில் 50 ஹெர்ட்ஸ் முரலொலி லேசாகப் பதிந்திருக்கும். திருப்பிப் போடும்போது அது 53 காட்டினால், நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பதிவன்று மின்சாரமே 48.5-க்கு இறங்கியிருந்து, மோட்டாரும் அந்த அலைவையே நம்பி ஓடும் ரகமாக இருந்தால், நாடாவும் அதே அளவு மெதுவாக ஓடியிருக்கும். இன்று போட்டால் முரலொலி சரியாக 50 காட்டும். குரல் மட்டும் 3 விழுக்காடு ஏறி நிற்கும். கூடவே, இன்றைக்கு ஓட்டும் கருவியும் தன் பங்குக்கு ஒரு 50 சேர்க்கும். ஹார்மோனியத்தை வைத்துச் சரிபார்க்கலாமா என்றால், அந்தப் பெட்டி எந்தச் சுருதிக்கு இழைக்கப்பட்டது என்பது யாருக்குத் தெரியும்? கடைசியில் காதுதான். ‘தஸ்தக்’ படத்தின் ‘மாயீ ரீ’ பாட்டை லதா பாடியதோடு, மதன் மோகன் தாமே பாடியதும் இசைத்தட்டில் இருக்கிறது. அந்தக் குரலின் கனத்தைக் காதில் வைத்துக்கொண்டு வேகத்தை நகர்த்த வேண்டும்.

இரண்டாவது, ஹார்மோனியம் சொல்லும் பொய். ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு அது தாவும், வழுக்காது. மீண்ட் என்ற வழுக்கல், முர்க்கி என்ற சிறு சுழற்றல் எல்லாம் குரலில் மட்டும்தான். ஹார்மோனியத்தைக் கேட்டு நோட்ஸ் எழுதினால் மெட்டின் எலும்பு வரும், தோல் வராது. 1946 வாக்கில் லக்னோ வானொலியில் அவர் வேலை பார்த்தபோது அகில இந்திய வானொலியில் ஹார்மோனியத்துக்கே தடை. 1940-இல் வந்த தடை, 1971 வரை இருந்தது. அந்தப் பெட்டியை நம்பாத இடத்தில் தொழில் பழகியவரின் மெட்டுகள் அந்தப் பெட்டியோடுதான் நமக்கு வந்து சேர்கின்றன.

மூன்றாவதுதான் பெரியது: நாடாவில் இல்லாதவை. பல்லவி இருக்கும், சரணம் பாதியில் தத்தகாரமாகக் கரைந்திருக்கும். முன்னிசை இல்லை, இடையிசை இல்லை. வயலின்கள் எங்கே நுழைய வேண்டும், தாளம் எங்கே நின்று குரலைத் தனியே விட வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தவை. மதன் மோகனின் பாட்டு என்று நம் காது அடையாளம் காண்பதில் பாதி, ரயீஸ் கானின் சிதார் குரலுக்குப் பதில் சொல்லும் இடங்கள். நாடாவில் அந்தப் பதில்கள் கிடையாது, கேள்விகள் மட்டும்.

நாடாவுக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் எவ்வளவு மாற்றுவார் என்று பார்க்க ஒரு தடயம் இருக்கிறது. ‘வோ கௌன் தீ’யில் ‘நைனா பர்ஸே’ பாட்டைப் படமாக்கும் நாளில் லதாவின் பதிவு இல்லை. மதன் மோகன் குரலில் பதிந்ததை ஓட்டித்தான் படமெடுத்தார்கள். அந்தப் பதிவும் வெளிவந்திருக்கிறது. லதாவினுடையதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அதேதான். ஆனால் அவர் அழுத்திப் பாடிய இடத்தில் லதா மெலிகிறார். அவர் மூச்சு வாங்கிய இடத்தை லதா கடந்துவிடுகிறார். அந்த மாற்றங்களுக்கு எதிரில் உட்கார்ந்து ஆமாம், இல்லை சொல்ல ஒருவர் இருந்தார். 2004-இல் அந்த நாற்காலி காலி.

இப்படிச் சொல்வது சஞ்சீவ் கோஹ்லிக்குச் செய்யும் அநியாயமாகவும் படுகிறது. வாரக்கணக்கில் நாடாக்களைக் கேட்டுச் சலித்து, 30 மெட்டு வரை எடுத்து, அதில் 10 தேறியது. அது சும்மா ஆகிற வேலையில்லை. 1950-இல் ‘ஆங்கேன்’ படத்தில் தொடங்கி, ‘அன்பட்’, ‘ஹகீகத்’, ‘ஹீர் ராஞ்சா’ என்று இசையமைத்த மனிதருக்கு ஒரு ஃபிலிம்ஃபேர்கூடக் கிடைக்கவில்லை. ‘வோ கௌன் தீ’ ஆண்டில் அந்த விருது ‘தோஸ்தி’ படத்துக்குப் போனது. ‘தஸ்தக்’குக்கு தேசிய விருது வந்தது, அவ்வளவுதான். அப்பாவின் பெயர் மறுபடி ஒரு பெரிய படத்தின் தலைப்பில் வர வேண்டும் என்று மகன் நினைத்தால், அதைக் குறை சொல்ல நான் யார்? பெயரும் ஒழுங்காகவே போட்டார்கள்: இசை மதன் மோகன், மறு ஆக்கம் சஞ்சீவ் கோஹ்லி.

தவிர, ஒதுக்கிய மெட்டை எடுத்து ஆளாத இசையமைப்பாளர் உண்டா? இந்த வங்கிக் கணக்கு எல்லோரிடமும் உண்டு. ஆனால் உயிரோடிருப்பவர் பழைய மெட்டை எடுக்கும்போது அப்படியே எடுப்பதில்லை. முன்பு ஏன் ஒதுக்கினோம் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தைத்தான் முதலில் திருத்துவார். மற்றவர் எடுத்தால் அந்த இடம் அப்படியே வரும், ஒருவேளை அதுவே அழகு என்றும் தோன்றும்.

இறந்தவரின் வேலையை முடிப்பது பம்பாய்க்குப் புதிதும் இல்லை. ‘பாகீஸா’வின் இசையமைப்பாளர் குலாம் முகமது 1968-இல் போனார். படம் 1972-இல் வந்தபோது பின்னணி இசையை இன்னொரு இசையமைப்பாளர் நௌஷாத் செய்திருந்தார். நம் வேலூர் வாணி ஜெயராமின் குரலும் அதில் உண்டு, நௌஷாத் சேர்த்த பகுதியில். ‘மௌசம்’ பின்னணி இசை சலில் சௌத்ரி. மதன் மோகன் விட்டுப்போன ‘லைலா மஜ்னு’வை முடித்தவர் ஜெய்தேவ். இவர்கள் எல்லோரும் மிச்சமிருந்த இடத்தை நிரப்பினார்கள், தேர்ந்ததைத் தொடவில்லை. ‘பாகீஸா’வில் சேராமல் போன பாட்டுகள் 1977-இல் தனி இசைத்தட்டாக வந்தன, பதிந்தது பதிந்தபடி. எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது. ஆனால் எத்தனை பேர் கேட்டார்கள்? ‘தேரே லியே’ பாடாத ஊர் உண்டா?

இன்னொன்று. ‘தில் டூண்ட்தா’ வரியே உருதுக் கவி காலிபிடமிருந்து வந்தது. மூலத்தில் முதல் சொல் ‘ஜீ’. பாட்டில் ‘தில்’ ஆகிவிட்டது. யாப்பில் இரண்டும் ஒரே எடை. நம் கணக்கிலும் நெடில் தனித்து வந்தாலும், குறில் ஒற்றோடு வந்தாலும் நேரசைதானே. இசையில் அப்படியில்லை. ‘ஜீ’யின் ஈகாரத்தை எவ்வளவு நேரமும் நிறுத்தலாம்; ‘தில்’லை இழுத்தால் நாக்கு லகரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது அதன் மேல் ‘தேரே லியே’யை வைத்துப் பாருங்கள். தில்-டூன்-ட்-தா: எடையில் நீளம், நீளம், குறுக்கம், நீளம். தே-ரே-லி-யே: அதேதான்.  சொல் முழுக்க மாறியும் காலிபின் எலும்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது. ஒதுக்கப்பட்ட மெட்டு அதை மறக்கவில்லை. இதைக் கவனித்த நாளிலிருந்து என் ஆட்சேபணை பாதி வலுவிழந்துவிட்டது. மீதிப் பாதி மட்டும் போக மறுக்கிறது.

அந்த 30-ஐ என் முன் வைத்து 10 தேர்ந்தெடு என்றால், இதைத்தான் முதலில் எடுத்திருப்பேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாடா விலையான பொருளாக இருந்த காலம். வேண்டாதவற்றின் மேல் அடுத்த நாள் கம்போசிங்கைப் பதிந்து அழிப்பது சாதாரண வழக்கம். இதன் மேல் அவர் எதையும் பதியவில்லை. அதை ஒரு சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பலநாள் நினைத்திருக்கிறேன். ஆனால் ‘மௌசம்’ மெட்டுகள் போட்ட பிறகு, அழிக்க அவருக்கு எத்தனை மாதம் இருந்தது?