வீட்டுக்குப் போகுமுன்

எச்.ஐ.வி உள்ளவர்களுக்குத் துணைநிற்க மட்டக்களப்பில் தொண்டராகச் சேர்பவர் முதலில் பழகவேண்டியது வாயை அடக்குவது. காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ நிறுவனப் பெயர் எழுதிய ஓட்டோ ஒரு வாசலில் நின்றாலே போதும், பின்னேரத்துக்குள் ஊரே கதைக்கும். ஆகவே பெயர்ப்பலகை, டீசேர்ட் ஒன்றும் வேண்டாம். எங்கே சந்திப்பது என்பதை எச்.ஐ.வி உள்ளவரே சொல்லட்டும். போனில் அவர் பெயரோடு 'கிளினிக்' என்று சேமிக்கவே கூடாது. உள்ளூர் கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்குமென்று கல்முனைக்குப் போகிறவரைத் தடுக்காதீர்கள், பஸ் நேரத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

மருந்து இலவசம்தான். சிக்கல் போத்தலில். பஸ்ஸில் குளிசை கலகலக்கும் என்று பலர் அதைக் கடதாசியில் மடித்து வைப்பார்கள், நம் ஊர் ஈரத்தில் அது கெட்டுப்போகும். போத்தலிலேயே வைத்து, உள்ளிருக்கும் ஈரமுறிஞ்சிப் பையை எறியாமல், போத்தலை ஒரு துணியில் சுற்றினால் சத்தம் குறையும்.

டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்து சேர்ந்த குளிசை என்றால் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் மருந்து அதைத் தடுக்கும். குளிசைக்கு 2 மணித்தியாலம் பிந்தியோ 6 மணித்தியாலம் முந்தியோதான் அந்த நெஞ்செரிச்சல் மருந்தைக் குடிக்கலாம். கர்ப்பிணிகளின் இரும்பு, கல்சியம் குளிசைகளை இந்தக் குளிசையோடு ஒன்றாக, சாப்பாட்டோடு சேர்த்தே எடுக்கலாம். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டு போடக்கூடாது.

இரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 200 பிரதிகளுக்குக் கீழே நிலைத்தால் உடலுறவில் தொற்றாது. துணைவருக்கு இதைச் சொல்ல எச்.ஐ.வி உள்ளவருடைய சம்மதம் வேண்டும்.